காலையில் மட்டும் நடுங்கிய கார்

மூன்று மெக்கானிக்குகள் மூன்று விதமாகச் சொன்ன பிறகுதான் ஜனங்களுக்கு அண்ணியின் ஞாபகம் வரும். முதல் ஆள் ஒன்று சொல்வார். இரண்டாவது ஆள் முதல் ஆளைத் திட்டிவிட்டு வேறொன்று சொல்வார். மூன்றாவது ஆள் இருவரையும் திட்டிவிட்டு வண்டியையே தலைமுழுகச் சொல்வார். அதற்கப்புறம்தான் தையல் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் குறுகலான படியில் ஏறி, 'வாகனத் துப்பறியும் நிலையம்' என்ற பலகையைப் படித்துவிட்டு, இது நிஜமா விளையாட்டா என்ற சந்தேகத்தோடு கதவைத் தட்டுவார்கள்.

பலகையை எழுதியவன் கொழுந்தன். எழுத்து கோணல் என்று யாராவது சொன்னால், படியேறி வருகிறவர்கள் மூச்சு வாங்கித் தலையைச் சாய்த்துத்தான் நிற்கிறார்கள், அவர்கள் கண்ணுக்கு அது நேராகத்தான் தெரியும் என்பான். அண்ணி முன்பு விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், நொறுங்கிய கார்களைப் பார்த்து யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு இந்த அறையைப் பிடித்தாள். அவள் எந்த வண்டியையும் ரிப்பேர் செய்வதில்லை. வண்டிக்கு என்ன கோளாறு, அது எப்படி வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வாள், அவ்வளவுதான். அவள் கணவனுடைய தம்பி, பார்த்த வேலை எல்லாவற்றிலும் வாயால் கெட்டவன், உதவியாளன் என்று சொல்லிக்கொண்டு அவளோடு ஒட்டிக்கொண்டான். இங்கேயும் வாய் குறையவில்லை. ஆனால் அண்ணியிடம் அது செல்லுபடியானது.

அன்று பிற்பகல் வந்த பெண்மணி கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயசு, இழுத்துச் செருகிய முந்தானை, கையில் கார் சாவி. சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறவள். வட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் காரம்மா. அந்தப் பெயரில் கார் இருப்பது தொழிலுக்காக, காரம் இருப்பது பேச்சுக்காக என்று கொழுந்தன் மனசுக்குள் குறித்துக்கொண்டான்.

"வண்டி சரியாகணும்னு நான் வரல," என்றாள் காரம்மா. "அதை யார் கெடுத்ததுன்னு நீங்க சொல்லணும். என் மாப்பிள்ளைதான் கெடுத்தார்."

"உங்களுக்கே தெரிஞ்சதை நாங்க எதுக்கும்மா சொல்லணும்?" என்று கேட்டான் கொழுந்தன்.

"நான் சொன்னா மாமியார் சொல்றான்னு ஆயிடுது."

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்குக் கதை பிடித்துவிட்டது என்று கொழுந்தனுக்குத் தெரிந்தது.

கார் ஹைபிரிட் வகை. பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் ஒரே வீட்டில் இருக்கும் ஓரகத்திகளைப் போல வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் வண்டி. மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடியும் காரம்மாவிடம் அது ஒரு நாள் கூட முரண்டு பிடித்ததில்லை. மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய சமயத்தில் மாப்பிள்ளை தன் சிநேகிதர்களோடு வெளியூர் போக வண்டியை வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து விட்டார். மறுநாள் காலையில் காரம்மா ஆக்சிலேட்டரை மிதித்தபோது வண்டி தலையிலிருந்து கால் வரை நடுங்கியது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

"என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். ஒண்ணும் பண்ணலைன்னார். மூணு லட்சம் ஓடின வண்டிக்கு உங்க கை பட்டதும் குளிர் ஜுரமான்னு கேட்டேன். இன்னும் ரெண்டு வார்த்தை பேசிட்டேன். என் பொண்ணு அவர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனவதான். ரெண்டு மாசமா வீட்டுப் பக்கம் வரல. போன் பண்ணா, முதல்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்கறா."

"மெக்கானிக்குங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒருத்தர் பேட்டரி செத்துப்போச்சுன்னார். இன்னொருத்தர் எஞ்சினே போச்சுன்னார். மூணாவது ஆள் வித்துடுங்கன்னார். நாளைக்குப் பத்து மணிக்குத் தரகர் வர்றார். வண்டி போயிடுச்சுன்னா சாட்சி போயிடும், அதான் ஓடி வந்தேன்."

"அதோட சேர்ந்து உங்க பொண்ணும் போயிடுவா," என்றாள் அண்ணி மெதுவாக. "வண்டி கையை விட்டுப் போனா, மாப்பிள்ளைதான் கெடுத்தார்ங்கற பேச்சு காலத்துக்கும் அப்படியே நின்னுடும். அப்புறம் அவங்க எந்த முகத்தோட வாசப்படி ஏறுவாங்க?"

காரம்மா சாவியைக் கைக்குள் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததனால்தான் படியேறி வந்திருக்கிறாள் என்று கொழுந்தனுக்குத் தோன்றியது.

கீழே தெருவில் நின்ற வெள்ளிநிறக் கார், வயசை மறைத்து மினுங்கிக்கொண்டிருந்தது. மூவரும் ஏறினார்கள். காரம்மா மிதித்தாள், அழுத்தி மிதித்தாள், வளைவில் மிதித்தாள். வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தீங்களா, இதுதான் இதோட திமிரு," என்றாள் காரம்மா. "வேத்து மனுஷங்க முன்னாடி நல்ல பிள்ளையா நடிக்கும். எல்லா மெக்கானிக்கிட்டயும் இதே கதைதான்."

"அது சகஜம்தாம்மா," என்றான் கொழுந்தன். "எனக்குப் பல்வலி வந்தா டாக்டர் வீட்டு வாசல் வரைக்கும்தான் வலிக்கும்."

அண்ணி சிரிக்கவில்லை. "எப்ப நடுங்குது?"

"காலையில வீட்டை விட்டுக் கிளம்பி, தெருக்கோடி மேட்டுல ஏறும்போது. கொஞ்ச தூரம் போனா தானா நின்னுடும். மறுநாள் காலையில மறுபடியும்."

"சாயங்காலம்?"

"நடுங்காது."

"மாப்பிள்ளை கெட்ட பெட்ரோல் போட்டிருப்பார்னு சந்தேகப்படறீங்களா?"

"வேற என்ன?"

"ரெண்டு மாசத்துல எத்தனையோ தடவை டேங்க் காலியாகி ரொம்பியிருக்கும். அதுவும் போக, காலையில கெட்டு, பத்து மணிக்குத் திருந்தற பெட்ரோலை நான் பார்த்ததில்ல."

காரம்மாவின் முகம் சுருங்கியது. தனக்கு வேண்டிய தீர்ப்பு கை நழுவுகிற வருத்தம் அதில் தெரிந்தது.

அண்ணி ஸ்கேனரை வண்டியில் செருகினாள். எஞ்சினின் நினைவில் இருக்கும் புகார்களைப் படித்துச் சொல்லும் கருவி அது. எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் ஊட்டும் ஒரு காயில். பிளக்கில் தீப்பொறி விழுந்தால் பெட்ரோல் எரியும். விழாவிட்டால் அந்தச் சிலிண்டர் அந்த நொடி சும்மா இருக்கும், மற்ற மூன்றும் இழுக்கும், வண்டி குலுங்கும். ஸ்கேனரில் இருந்த புகார் எல்லாம் ஒரே ஆளின் மேல்தான். இரண்டாவது சிலிண்டர்.

"ரெண்டாம் நம்பர் காயில், பிளக் ரெண்டையும் கழட்டி நாலாம் நம்பர்ல போடு. நாலாம் நம்பர்ல இருக்கறதை ரெண்டுக்குக் கொண்டா," என்றாள் அண்ணி. "கெட்டது காயிலோ பிளக்கோவா இருந்தா, நாளைக்குப் புகார் நாலுக்குப் போகும். ஆளோட சேர்ந்து குணமும் போகணும் இல்லையா."

கொழுந்தன் பானெட்டைத் திறந்து கழற்றினான். காயில்களைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளில் மூன்று பளபளவென்று இருந்தன. இரண்டாவது மட்டும் துருவேறி, சுலபத்தில் அசைந்து கொடுக்கவில்லை.

"எல்லாரும் ஒரே நாள்ல பொறந்தவங்க, இவனுக்கு மட்டும் நரைச்சிருக்கு," என்றான்.

அண்ணி குனிந்து அந்தத் துருவைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிவிட்டு நிமிர்ந்தாள். பிறகு காரம்மாவிடம், "நாளைக்குக் காலையில நாங்க உங்க வீட்டுக்கு வர்றோம். இப்ப வீட்டுல கொண்டுபோய் நிறுத்திட்டா, அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. எழுந்ததுலேர்ந்து கிளம்பற வரைக்கும் தினமும் என்னென்ன செய்வீங்களோ, அத்தனையும் செய்யுங்க. எங்களுக்காக ஒண்ணையும் மாத்தவேண்டாம்," என்றாள்.

"காபி மட்டும் ரெண்டு பேருக்குக் கூடுதலா போடலாம்," என்றான் கொழுந்தன்.

அன்று சாயங்காலம் அவனுக்குத் தனி வேலை. மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

மாப்பிள்ளைக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. கஸ்டமர் வீட்டுக்குப் போய் ஜன்னலை அளந்து, துளை போட்டு, கம்பி மாட்டிக் கொடுக்கிறவர். கொழுந்தன் போனபோது கடையிலேயே ஏணிமேல் நின்று, காதில் பென்சிலோடு ஒரு சுவரை அளந்துகொண்டிருந்தார். ஒரு தடவை அளந்தார். மறுபடியும் மறுபக்கத்திலிருந்து அளந்தார். நடுவில் சின்னதாகப் புள்ளி வைத்தார். மெலிந்த, சாதுவான மனிதர். இவர் ஒரு வண்டியை அதட்டி ஓட்டினார் என்று சொன்னால் வண்டியே நம்பாது.

"அத்தை அனுப்பினாங்களா?" என்றார் பயத்தோடு.

"அவங்க வண்டி அனுப்பிச்சுது."

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தார். "போற வழியெல்லாம் மெதுவாத்தாங்க போனோம். டேங்க் ரொப்பி, கழுவித் தொடைச்சுக் கொண்டுபோய் விட்டேன். வண்டி குடுத்தாங்களேன்னு அன்னிக்கே அத்தைக்கு என்னால ஆனதைச் செஞ்சுட்டும் வந்தேன். அவங்க நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. மறுநாள் காலையில நான் வில்லனாயிட்டேன். பொண்டாட்டி எனக்காகச் சண்டை போட்டா. ஆனா தினமும் ராத்திரி அம்மாவை நினைச்சு அழறதும் அவதான். நான் செய்யாத தப்பை ஒத்துக்கிட்டாலாவது தீருமான்னுகூடப் பார்த்தேன். செய்யல, எப்படி ஒத்துக்கறது?"

கொழுந்தனுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் அண்ணியிடம் ஒப்பித்தான்.

"அத்தைக்கு என்ன செஞ்சாராம்?" என்று கேட்டாள் அண்ணி.

"நன்றிக்கு ஏதோ செஞ்சாராம்."

"என்னன்னு கேக்கலையா?"

"அது வண்டி விஷயம் இல்லையே அண்ணி."

"என்கூட இருந்து இவ்வளவு கத்துக்கிட்டதே பெரிசு," என்று சொல்லிவிட்டு அண்ணி விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினாள்.

காலையில் அவர்கள் போனபோது காரம்மா விளக்குமாறும் கையுமாக இருந்தாள். சின்ன வீடு, முன்னால் ஒரு போர்டிகோ. அதன் கூரை காரின் முன்பாதிக்குத்தான் காணும், பின்பாதி வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு டைல் உடைந்திருந்தது. காரின் முன்சக்கரம் மிகச்சரியாக அதன்மேல் நின்றது.

"அந்த டைலை நான்தான் உடைச்சேன்," என்றாள் காரம்மா. "தினமும் அதே இடத்துல நிறுத்தி நிறுத்தி. ஒரு அங்குலம் முன்ன பின்ன நிக்காது."

அவள் தன் வேலைகளைப் பார்க்கப் போனாள். அண்ணி ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்து, கல்யாண வீட்டில் சமையல்கட்டை மேற்பார்வை பார்க்கிறவளைப் போல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காரம்மா வாசலைப் பெருக்கினாள். காரிலிருந்து மிதியடிகளை எடுத்து உதறினாள். இருக்கை உறைகளை இழுத்துவிட்டாள். போர்டிகோ கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கிய மூன்று பூந்தொட்டிகளுக்கு முக்காலியில் ஏறிக் குவளையால் தண்ணீர் ஊற்றினாள். வேலைக்கு ஒரு பக்கம் கை, மாப்பிள்ளையைத் திட்ட ஒரு பக்கம் வாய். வாய் ஒரு நொடி ஓயவில்லை. பிறகு உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள்.

கொழுந்தன் டம்ளரோடு பானெட் ஓரம் சாய்ந்து நின்றான். பின்கழுத்தில் சில்லென்று ஏதோ விழுந்தது. துடைத்துக்கொண்டு மேலே பார்க்காமலே நகர்ந்தான்.

"என்ன?" என்றாள் அண்ணி.

"காக்கா. என் சட்டைன்னா அதுக்கு ஒரு பிரியம்."

"கூரைக்கு அடியிலயா?"

"கெட்டிக்காரக் காக்கா," என்று சொல்லிவிட்டு அவன் காபியில் கவனமானான்.

காரம்மா முன்கண்ணாடியை ஈரம் போகத் துடைத்தாள். நிலைக்கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுத்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அண்ணி பக்கத்தில். கொழுந்தன் பின்னால், மடியில் ஸ்கேனர்.

வண்டி மின்சாரத்தில் சத்தமில்லாமல் பின்வாங்கி, வாசல் தாண்டித் தெருவில் இறங்கியது. மேட்டுக்கு வந்ததும் அண்ணி, "முதல்ல பூப்போல மிதிங்க," என்றாள். மோட்டார் மட்டும் இழுத்தது. வண்டி நிதானமாக ஏறியது, சின்ன அசைவு கூட இல்லை.

"பேட்டரியும் மோட்டாரும் சக்கரமும் நல்லாத்தான் இருக்கு. முதல் மெக்கானிக் அவுட்," என்றாள் அண்ணி. "இப்ப அழுத்தி மிதிங்க."

எஞ்சின் விழித்துக்கொண்டது. அடுத்த நொடி வண்டி உதறியது. ஸ்டியரிங் நடுங்கியது, கண்ணாடிகள் கடகடத்தன. பின்சீட்டில் கொழுந்தனின் பற்களே ஒன்றோடொன்று தட்டின. முறத்தில் போட்டுப் புடைக்கிறார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

"எந்த நம்பர்?" என்று கத்திக் கேட்டாள் அண்ணி.

"ரெ... ரெண்டு."

"நாலு இல்ல?"

"இல்ல அண்ணி. ரெண்டேதான்."

அண்ணி வண்டியைத் திருப்பச் சொன்னாள். அவள் முகத்தில் தீபாவளி மாதிரி ஏதோ வந்திருந்தது என்று எழுதினால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஆனால் சந்தோஷம் வந்திருந்தது நிஜம்.

"நேத்து ரெண்டாம் நம்பர் அறையில இருந்தவரை நாலாம் நம்பர் அறைக்கு மாத்தினோம்," என்று கொழுந்தன் யோசித்து யோசித்துச் சொன்னான். "அவர் அங்க போய் ஒழுங்கா வேலை பார்க்கறார். நாலுலேர்ந்து ரெண்டுக்கு வந்த நல்லவர் ஒரே ராத்திரியில கெட்டுப்போயிட்டார்."

"அப்ப யார் மேல தப்பு?"

"அறை மேல."

"இப்பதான் நீ என் கொழுந்தன்," என்றாள் அண்ணி.

காரம்மா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். முன்சக்கரம் அதே உடைந்த டைலின் மேல் வந்து நின்றது. கொழுந்தன் பானெட்டைத் தூக்கி, இரண்டாவது காயிலின் துருப்பிடித்த திருகாணியைக் கழற்றி, காயிலை மெதுவாக உருவினான். விரலால் அடிப்பக்கத்தைத் தொட்டான். வழக்கமாக இந்த இடத்தில் அவன் ஏதாவது சொல்லவேண்டும். சொல்லவில்லை. விரலை அண்ணியிடம் நீட்டினான்.

ஈரம். காயில் உட்காரும் குழிக்குள் சின்னதாகத் தண்ணீர் தேங்கியிருந்தது.

"எஞ்சினுக்குள்ள தண்ணி எப்படி வரும்?" என்றாள் காரம்மா.

"உள்ள வரல. தலையில விழுது," என்றாள் அண்ணி. "மெதுவா போறப்ப சின்னப் பொறி போதும். அழுத்தி மிதிச்சா பலமான பொறி வேணும். குழியில ஈரம் இருந்தா அந்த மின்சாரம் பிளக்குக்குப் போகாம ஈரத்துல நழுவி இரும்புல ஓடிடும். ஒரு சிலிண்டர் வேலை நிறுத்தம் பண்ணும், வண்டி உதறும். கொஞ்ச தூரம் ஓடினா எஞ்சின் சூட்டுல ஈரம் காய்ஞ்சுடும், வண்டி நல்லதாயிடும். நீங்க மெக்கானிக்கிட்ட போய்ச் சேரும்போது சாட்சி ஆவியாகிப் போயிருக்கும்."

"மழை நின்னு மாசக்கணக்காச்சே. வண்டியைக் கழுவறதும் சாயங்காலம்தான்."

அண்ணி வைப்பருக்கு அடியில் இருந்த கறுப்புச் சல்லடையைக் காட்டினாள். சல்லடை முழுக்கச் சுத்தம். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் மெல்லிசாகப் பாசி பிடித்திருந்தது. அதற்கு நேர் கீழே, எஞ்சின் பக்கம் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் பட்டை, மூன்று லட்சம் கிலோமீட்டர் சூட்டில் வெந்து விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்கு நேர் கீழே இரண்டாவது சிலிண்டர்.

"தம்பி, ஒரு குவளை தண்ணி எடு," என்றாள். "நடுத் தொட்டியில ஊத்து."

கொழுந்தன் முக்காலியில் ஏறி ஊற்றினான். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொட்டியின் அடித்துளையில் ஒரு சொட்டு திரண்டு, நிதானமாகப் பிரிந்து, பாசி பிடித்த இடத்தின்மேல் விழுந்தது. அடுத்தது அதே இடத்தில். கொஞ்சம் பொறுத்து, உள்ளே ரப்பரின் விரிசல் வழியாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்து, இரண்டாவது சிலிண்டரின் தலையில் போய் உட்கார்ந்தது.

"அது காக்கா இல்ல," என்றான் கொழுந்தன், பின்கழுத்தைத் தடவிக்கொண்டே.

"ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சின்மேல காலையில தண்ணி. நீங்க காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள குழி நனைஞ்சுடும். கண்ணாடியில தெறிச்ச ஈரத்தை வெச்சே நீங்க கண்ணாடியையும் துடைச்சுடுவீங்க. தடயம் அதோட தீர்ந்தது."

"அப்படின்னா மாப்பிள்ளை நிரபராதி," என்று கொழுந்தன் தீர்ப்புச் சொன்னான். "பெட்ரோல் இல்ல, ஓட்டினது இல்ல, ஒண்ணுமே இல்ல. சாயங்காலமே போய் அந்த நல்ல மனுஷன்கிட்ட..."

"இல்ல," என்றாள் காரம்மா.

இருவரும் திரும்பினார்கள். அவள் தொட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதை மாட்டினதே அவர்தான். வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்னிக்கு. வண்டி குடுத்ததுக்கு நன்றின்னு மூணு தொட்டி வாங்கிட்டு வந்து, மத்தியானம் பூரா அளந்து அளந்து மாட்டினார்."

ஏணி, காதில் பென்சில், இரண்டு பக்கமிருந்தும் அளந்து நடுவில் வைத்த புள்ளி, எல்லாம் கொழுந்தன் கண்ணில் வந்து போயின. கேட்காமல் விட்ட ஒரே கேள்வி இங்கே தலைக்கு மேலே பூத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவர் தொழில் அது," என்றாள் அண்ணி. "எதை மாட்டினாலும் சரியா நடுவுலதான் மாட்டுவார். கூரைக்கு நடு எதுவோ, அதுதான் உங்க வைப்பருக்கு நேர் மேல. ஒருத்தர் அங்குலம் பிசகாம மாட்டறவர், ஒருத்தர் அங்குலம் பிசகாம நிறுத்தறவங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தாலும் தண்ணி வேற எங்கயாவது விழுந்திருக்கும். நீங்க சந்தேகப்பட்டது சரிதாம்மா. உங்க வண்டி நடுங்கறதுக்குக் காரணம் மாப்பிள்ளைதான். நான் எழுதியே தர்றேன்."

இதைக் கேட்கத்தானே படியேறி வந்தாள். ஆனால் காரம்மாவின் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"அதுக்கு அவர் தொட்டி மட்டும் மாட்டினா போதாதே," என்று அண்ணி தொடர்ந்தாள். "யாராவது தினமும் தண்ணியும் ஊத்தணும்."

காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் ஊத்தினேன்."

"ஒரு நாள் விடாம."

"ஒரு நாள் விடாம."

"அவர்மேல அவ்வளவு கோவம். வாய் ஓயாம திட்டிக்கிட்டே ஊத்தறீங்க. பிடுங்கி எறிஞ்சிருக்கலாமே?"

"செடி என்ன பண்ணுச்சு?" என்றாள் காரம்மா. "நல்லாத்தான் மாட்டியிருக்கார். அன்னிக்கே சொல்லியிருக்கணும். வேலை செஞ்சு வேர்த்து நின்ன மனுஷன்கிட்ட நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. மறுநாள் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாள் வண்டி நடுங்கிடுச்சு."

அப்போது வாசலில் இருமல் சத்தம் கேட்டது. தரகர் வந்துவிட்டார். கையில் கயிறு. வண்டி தானாக நகரும் என்ற நம்பிக்கையே இல்லாமல் வந்திருந்தார்.

"கொஞ்சம் உக்காருங்க," என்றாள் காரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பழைய காரம் திரும்பி வந்திருந்தது.

குழியைக் காயவைக்க என்ன இருக்கிறது என்று அண்ணி கேட்டாள். காரம்மா உள்ளே போனாள். சாத்தியிருந்த ஓர் அறையின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகள் விட்டுப்போன, தலைமுடி காயவைக்கும் டிரையரைக் கொண்டுவந்தாள். கொடுப்பதற்கு முன் முந்தானையால் தூசியைத் துடைத்தாள்.

கொழுந்தன் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, எஞ்சினுக்குச் சூடாகக் காற்று பிடித்தான். "அம்மா, வகிடு நடுவுல எடுக்கட்டுமா, பக்கத்துல எடுக்கட்டுமா?" என்று கேட்டான். தரகர் அவனைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

காயிலை மாட்டி, தரகரையும் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். காரம்மா ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாள். கார் மேட்டின் உச்சி வரை ஒரே மூச்சில் ஏறியது. ஸ்டியரிங்கில் சின்ன அதிர்வு இல்லை. கண்ணாடிகள் வாயைத் திறக்கவில்லை. உச்சியில் நிறுத்திவிட்டுக் காரம்மா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தாள்.

"எஞ்சின் போச்சுன்னு சொன்னாங்களே," என்றார் தரகர், ஏமாற்றத்தோடு.

"போயிட்டு வந்துடுச்சு," என்றான் கொழுந்தன்.

தரகர் ஒரு காபியோடு தன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு விடைபெற்றார். அண்ணி செய்யவேண்டியதைச் சொன்னாள். விரிசல் விட்ட ரப்பர் பட்டையை மாற்றவேண்டும். காயில்களின் ரப்பர் உறைகளுக்கும் வயசாகிவிட்டது, நான்கையும் மாற்றிவிடுவது நல்லது. எந்த மெக்கானிக்கும் செய்வார், முதலில் சொன்ன மூன்று பேரைத் தவிர. அதுவரைக்கும் தண்ணீர் மட்டும் வைப்பர் பக்கம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காரம்மா தலையாட்டினாள். பிறகு போனை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவளாக நின்றாள். எந்தப் பயணியிடமும், எந்தப் போலீஸ்காரரிடமும் இப்படி நின்றிருக்க மாட்டாள். கடைசியில் ஒரு நம்பரை அழுத்தினாள்.

"மாப்பிள்ளை," என்றாள். அந்தப் பக்கம் எதுவோ தடாலென்று விழுந்த சத்தம் இங்கே கேட்டது. ஏணியாக இருக்கவேண்டும். "நான்தான். நல்லா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, அந்தத் தொட்டிங்க இருக்கே. ஆமா, நீங்க மாட்டினதுதான். அழகாத்தான் இருக்கு. ரொம்ப அழகா இருக்கு. அதை ஒரு அடி தள்ளி மாட்டணும். வேற யாரை விட்டு மாட்டினாலும் கோணலாயிடும். நீங்களே துளை போடற மெஷினை எடுத்துக்கிட்டு வாங்க. இன்னிக்கே வாங்க. அவளையும் கூட்டிட்டு வாங்க, ஏணி பிடிக்க ஆள் வேணும்ல. சாப்பாடு இங்கதான்."

அண்ணி ஸ்கேனரின் வயரை மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது.

கொழுந்தன் மட்டும் தொட்டியையும் காரையும் உடைந்த டைலையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மூளையில் ஒரு பெரிய வெளிச்சம் விழுந்தது.

"எதுக்கும்மா இவ்வளவு சிரமம்? தொட்டியை அசைக்கவே வேணாம். நீங்க வண்டியை ஒரு அடி பின்னால நிறுத்தினாலே..."

அண்ணியின் செருப்புக்கால் அவன் பாதத்தின்மேல் முழு பாரத்தோடு இறங்கியது. இந்தத் தொழிலில் அவன் சொந்தமாகக் கண்டுபிடித்த முதல் சரியான விடை அதுதான்.